பி2 தேர்வுக்கு சுப்ஜோங்க்திஃப் அம்பார்ஃபே படித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: நான் பாரிசுக்குப் பக்கத்தில லா கூர்னவ்வில இருக்கிறன். நாசியோனலித்தேக்கு, அதுதான் பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போடுறதுக்கு, டெல்ஃப் பி2 எண்ட பிரெஞ்சு மொழிச் சோதனை எழுதோணும். இஞ்ச தமிழ் ஆக்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற ஒருத்தர், "சுப்ஜோங்க்திஃப் அம்பார்ஃபே தெரியாட்டி பி2 பாஸ் பண்ண ஏலாது" எண்டு சொல்லி, அந்த வினை வடிவத்துக்கெண்டே தனி வகுப்புக்கு 350 யூரோ கேக்கிறார். புத்தகத்தைத் திறந்தால் தலை சுத்துது. உண்மையா இது வேணுமோ? எப்பிடி உருவாக்கிறது, எங்க பாவிக்கிறது எண்டு விளங்கிற மாதிரிச் சொல்லுவீங்களோ?

பதில்: சகோதரி, முதலில் அந்த 350 யூரோவைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

டெல்ஃப் பி2 தேர்வில் இலக்கணத்துக்கென்று தனித் தாளே கிடையாது. கேட்டு விளங்குதல், வாசித்து விளங்குதல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே இறங்கக் கூடாது. எழுத்துப் பகுதியில் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 250 சொற்களில் உங்கள் கருத்தை வாதிட்டு எழுத வேண்டும். இவை எதிலும் இந்த வினை வடிவத்தை எழுதிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. தேர்வு பற்றித் தெரியாதவர்களிடம் தேர்வையே காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பது இந்த ஊரில் இப்போது பெருகிவிட்டது. 2024 ஜனவரி 26 தேதியிட்ட சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமைக்கு பி1 நிலை போதாது, பி2 வேண்டும். வந்த புதிதில் அரசு தந்த இலவச வகுப்பு எதுவரைக்கும்? ஏ1, அதாவது மிக அடிப்படை நிலை. ஏ1 வரைக்கும் கைபிடித்து நடத்திவிட்டு, பி2 கொண்டுவா என்று சொன்னால், நடுவில் இருக்கும் பள்ளத்தில் இப்படிப்பட்டவர்கள்தான் கடை விரிப்பார்கள். எனக்கு இதில் அடங்காத கோபம் உண்டு.

சரி, இது என்னதான் என்று பார்ப்போம். தமிழில் "அவன் வரணும்னு நினைக்கிறேன்" என்கிறோம். நேற்றைய கதையென்றால் "அவன் வரணும்னு நினைச்சேன்". வெளியே இருக்கும் வினை காலம் மாறியது. உள்ளே இருக்கும் "வரணும்" அசையவே இல்லை. இன்றைய பிரெஞ்சும் அப்படித்தான். "ஜெ வெ கில் வியென்" என்றால் அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன். "ஜெ வூலே கில் வியென்" என்றால் விரும்பினேன். உள்ளே அதே "வியென்". இப்படி விருப்பம், தேவை போன்றவற்றுக்குப் பின்னால் வரும் வடிவம்தான் சுப்ஜோங்க்திஃப். பழைய எழுத்து நடை மட்டும் உள்ளே இருக்கும் வினையையும் கூடவே இறந்த காலத்துக்கு இழுத்துப் போகும்: "ஜெ வூலே கில் வான்". அந்த "வான்"தான் உங்களைத் தூங்கவிடாத சுப்ஜோங்க்திஃப் அம்பார்ஃபே.

பேச்சில் இது செத்துப் பல தலைமுறை ஆகிறது. பிரெஞ்சு அரசே இதை ஒப்புக்கொண்டது. 1901 பிப்ரவரி 26 அன்று கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லேக் வெளியிட்ட ஆணை, "ஜெ வூத்ரே" (விரும்புவேன்) போன்ற கோந்திசியோனெல் வடிவத்துக்குப் பின்னால் அம்பார்ஃபேக்குப் பதிலாக சாதாரண சுப்ஜோங்க்திஃப் எழுதினால் தேர்வுகளில் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்றது. 1976 டிசம்பர் 28 ஆணை அதே சலுகையை இறந்த கால வினைகளுக்குப் பின்னாலும் கொடுத்தது. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே அவர்கள் நாட்டுத் தேர்வில் விலக்களித்ததை, லா கூர்னவ்வில் வேலை முடிந்து வந்து இரவில் படிக்கும் ஒரு தாயிடம் கேட்பது என்ன நியாயம்?

உருவாக்குவது எப்படி என்று கேட்டீர்கள். அட்டவணை வேண்டாம். எழுத்து நடை இறந்த காலமான பாஸே சாம்ப்ளில் "தூ", அதாவது "நீ" வடிவத்தை எடுங்கள். அது எஸ் எழுத்தில் முடியும், ஆனால் அந்த எஸ் ஒலிக்காது. அதன் பின்னால் இன்னொரு எஸ்ஸும் ஒரு இ எழுத்தும் சேருங்கள். பேசுவதற்குரிய "பார்லே"யின் தூ வடிவம் "தூ பார்லா". சேர்த்தால் "நான்" வடிவம் வரும்: "கெ ஜெ பார்லாஸ்". முடிப்பதற்குரிய "ஃபினீர்" என்றால் "தூ ஃபினி", "கெ ஜெ ஃபினிஸ்". இருப்பதற்குரிய "எத்ர்" என்றால் "தூ ஃப்யூ", "கெ ஜெ ஃப்யூஸ்". அவ்வளவுதான் விதி. "ஃபினீர்" போன்ற வினைகளில் இன்னொரு நிம்மதி: நிகழ்கால சுப்ஜோங்க்திஃபும் இதுவும் ஒரே எழுத்து, "அவன்" வடிவம் ஒன்றைத் தவிர.

"வெனீர்", "தெனீர்" என்ற இரண்டும் அவற்றின் குடும்பமும் மட்டும் மூக்கொலியில் போகும்: "தூ வான்", "கெ ஜெ வான்ஸ்". திராட்சை மதுவைச் சொல்லும் அதே "வான்" ஒலி. பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் நினைவு வைக்கச் சொல்வேன்.

நீங்கள் உண்மையில் புத்தகத்தில் சந்திக்கப்போவது "அவன், அவள், அது" வடிவத்தை மட்டுமே. அதில் இந்த "ஸ்" ஒலி கிடையாது. கடைசியில் டி எழுத்து வரும், அதற்கு முந்திய உயிரெழுத்தின் மேல் ஒரு தொப்பி (^) உட்காரும். காதுக்கு வித்தியாசமே இல்லை. எஃப், யு, டி என்று தொப்பியில்லாமல் எழுதினாலும் "ஃப்யூ", யு மேல் தொப்பி வைத்தாலும் "ஃப்யூ". முதலாவது "இருந்தான்" என்ற நடந்த செய்தி. இரண்டாவது நாம் இங்கே பார்த்துக்கொண்டிருக்கும் வடிவம். எப்படிப் பிரிப்பது? அந்த இடத்தில் "எத்ர்" வினையின் நிகழ்கால சுப்ஜோங்க்திஃபான "சுவா" என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் சரியாக ஒலித்தால் தொப்பி உண்டு. அதே வினையின் சாதாரண நிகழ்காலமான "ஏ" போட்டால்தான் சரி என்றால் தொப்பி இல்லை. 1990 டிசம்பரில் அரசிதழில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு எழுத்துகளின் தொப்பியைக் கழற்றிவிட்டது என்று யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலான சொற்களுக்கு உண்மை. இந்த வடிவத்துக்கு இல்லை.

இந்தச் சோதனை முக்கியமான ஓர் இடத்தில் உங்களை ஏமாற்றும். அங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள், பத்திரிகைகளிலும் நான் அடிக்கடி பார்க்கிறேன். "ஆவான் கெ" என்றால் முன்னால். "ஆப்ரே கெ" என்றால் பிறகு. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அவர் போகும் முன்", "அவர் போன பிறகு". முதலாவதில் "போகும்", ஏனென்றால் இன்னும் போகவில்லை. இரண்டாவதில் "போன", ஏனென்றால் போய்விட்டார். நம் மொழிக்குத் தெரிந்த அதே வித்தியாசம்தான் பிரெஞ்சிலும். நடக்காததற்கு சுப்ஜோங்க்திஃப், நடந்து முடிந்ததற்கு அது வேண்டாம். ஆகவே "ஆவான் கில் ஃப்யூ பார்தி"க்குத் தொப்பி உண்டு. "ஆப்ரே கில் ஃப்யூ பார்தி"க்குத் தொப்பி கிடையாது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் "ஆப்ரே கில் சுவா பார்தி" என்றே பழகிவிட்டார்கள். அதனால் "சுவா" பொருந்துவது போல் காதில் விழும், கை தானாகத் தொப்பி வைத்துவிடும். நான் திருத்தும் கட்டுரைகளில் தேவையில்லாத தொப்பிகளில் பாதி இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான். "ஆப்ரே கெ" வந்தால் சோதனையை மறந்துவிட்டு, "போன பிறகு" என்று தமிழில் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

பாவிப்பதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கடிதம் எழுதித் தரும் தரகர்களிடம் கவனமாக இருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர், அலுவலகத்தில் ராந்தேவூ, அதாவது சந்திப்பு நேரம், கேட்டு அனுப்பவிருந்த கடிதத்தை என்னிடம் காட்டினார். எழுதியவருக்கு 60 யூரோ கொடுத்திருந்தார். நான்காவது வரியில் "கெ வூ மாக்கோர்தாஸ்ஸியே" என்று இருந்தது, நீங்கள் எனக்கு அளிக்க வேண்டும் என்ற பொருளில். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் "ஆஸ்" என்ற முடிவு பிரெஞ்சுக் காதுக்கு இளக்காரமான ஒலி. அலுவலகக் காகிதக் குவியலை எரிச்சலோடு "பாப்ராஸ்" என்பார்களே, அதே முடிவு. வாசிக்கும் அதிகாரி சிரிப்பார், அல்லது கடிதம் இவர் எழுதியதல்ல என்று உடனே கண்டுகொள்வார். "கெ வூ மாக்கோர்தியே" என்று மாற்றினேன். மூன்று எழுத்து குறைந்தது, கடிதம் மனிதன் எழுதியது போல் ஆனது. கடிதம் எழுதத் துணை தேவைப்பட்டால் உங்கள் மேரியில் (நகரசபையில்) கேளுங்கள். பல இடங்களில் மக்களுக்குக் கடிதம் எழுதித் தரும் "எக்ரிவான் பூப்ளிக்" இலவசமாகவே உட்காருகிறார்.

வாசிக்கும்போது இரண்டைத் தெரிந்து வைத்தால் போதும். "இல் யூ ஃபாலூ" என்று யு மேல் தொப்பியோடு கண்டால் "இல் ஓரே ஃபாலூ" என்று எடுத்துக்கொள்ளுங்கள்; செய்திருக்க வேண்டும் என்பதே பொருள். "ஃப்யூஸ்" என்று நடுவில் சிறு கோட்டோடு வந்தால் "அதுவாகவே இருந்தாலும் கூட" என்று பொருள்.

உங்கள் நேரத்தை நிகழ்கால சுப்ஜோங்க்திஃபில் போடுங்கள். "சுவா", "ஏ" (இது உடைமையைச் சொல்லும் "ஆவுவார்" வினையின் வடிவம்), "ஆய்", "ஃபாஸ்", "புய்ஸ்", "சாஷ்", "வியென்" என்ற ஏழும் வாயில் தடுமாறாமல் வர வேண்டும். "இல் ஃபோ கெ" (வேண்டும்), "பியன் கெ" (இருந்தாலும்), "பூர் கெ" (அதற்காக) என்பவற்றுக்குப் பின்னால் தினமும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். கடைக்குப் போவது, பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலை என்று உங்கள் வாழ்க்கையைப் பற்றியே எழுதுங்கள். தேர்வில் "ஜெ வூத்ரே கெ வூ ப்ரெனியே" என்று தெளிவாக எழுதினால் அதற்குத்தான் மதிப்பெண்.

தேர்வை நடத்தும் ஃப்ரான்ஸ் எதுகாசியோன் அந்தர்நாசியோனால் தன் இணையதளத்தில் மாதிரி வினாத்தாள்களை இலவசமாகப் போட்டிருக்கிறது. பி2 தாள் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு அந்த மனிதரிடம் போங்கள். இந்த வடிவம் எந்தக் கேள்வியில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.