கடலோரக் கிணறுகள் கரிக்கத் தொடங்கினால் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. இருபது குடும்பங்கள் மணல்காட்டுக் கிணறுகளை நம்பி மிளகாய், காய்கறி, மல்லிகை நாற்று, தென்னை வைத்திருக்கிறோம். இரண்டு பேர் ஆழ்துளைக் கிணறு போட்டு 5 ஹெச்பி மோட்டார் வைத்த பிறகு, பங்குனி பிறந்தாலே சுற்றியுள்ள கிணறுகள் கரிக்கின்றன. கேட்டால் "என் நிலத்துத் தண்ணீர்" என்கிறார்கள். சண்டை இல்லாமல் எப்படிப் பங்கிடுவது?

பதில்: ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதுதான் உங்கள் கிணற்று நீர். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள். மேல்மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், அடியில் உப்பு 40 அடி ஏறி வரும். ஆழமாகத் துளை போட்டு வேகமாக இழுக்கும் மோட்டார், தனக்கு நேர் கீழே இருக்கும் உப்பை இன்னும் சீக்கிரம் மேலே இழுத்துக்கொள்ளும். அந்த இருவரின் குழாயும் கரிக்காமல் தப்பாது. பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். யார் தவறு என்று தொடங்கினால் கூட்டம் அன்றே கலைந்துவிடும்.

நிலத்தடி நீர்மேல் நிலக்காரருக்கு உரிமை உண்டு என்பதே நம் நாட்டில் பழைய சட்ட நிலை. அதனால் ஊர் ஒப்பந்தம்தான் கைகொடுக்கும். இலவச மின்சாரம் இருப்பதால், மோட்டாரை நிறுத்தச் சொல்ல மின்கட்டணமும் வராது.

பங்கீட்டுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது "ஆளுக்கு ஒரு மணி நேரம்" என்ற முறை. கேட்க நியாயமாகத் தெரியும், ஆனால் அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை ஒவ்வொரு மோட்டாருக்கும் கீழே வைத்து நேரம் பாருங்கள். சின்ன மோட்டார் 2 நிமிடத்தில் நிரப்பினால் மணிக்கு 6,000 லிட்டர். பெரியது 40 விநாடியில் நிரப்பினால் 18,000 லிட்டர். அதே ஒரு மணி நேரத்தில் மூன்று மடங்கு! ஆகவே பீப்பாயை அளவாக வையுங்கள். 30 பீப்பாய் தண்ணீரை ஒரு 'முறை' என்று கணக்கு வையுங்கள்.

குடிநீருக்கும் ஆடு மாடுகளுக்கும் ஒதுக்கிய பிறகு, வாரத்துக்கு ஊர் முழுவதற்கும் 40 முறை என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். (இந்த எண் கணக்குக்காகத்தான். உங்கள் கிணறுகள் இறைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் ஊறுகின்றன என்று பார்த்து நீங்களே குறிக்க வேண்டும்.) குடும்பத்துக்கு ஒரு முறை வீதம் 20 முறை, நிலம் எவ்வளவு இருந்தாலும் சமம். மீதி 20 முறை ஏக்கர் கணக்கில், ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கருக்கு மேல் எண்ணாமல். கோடையில் மட்டம் இறங்கி மொத்தத்தை 30 ஆகக் குறைத்தால், அந்தப் பத்தும் ஏக்கர் பங்கிலிருந்தே குறைய வேண்டும். குடும்பப் பங்கில் கை வைக்கக் கூடாது. பஞ்ச காலத்தில் சின்ன விவசாயியின் நாற்று முதலில் காயக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எப்போது குறைப்பது என்பதையும் ஆள் முடிவு செய்ய வேண்டாம், கிணறு முடிவு செய்யட்டும். கிணற்று விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ட் அடையாளம் போடுங்கள். வாரம் ஒருநாள் காலையில், மோட்டார் போடுவதற்கு முன், அங்கிருந்து கயிறு இறக்கி அளந்து, எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும், பேனா அளவில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, இறைக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பாருங்கள். பாசனத் தண்ணீரில் டிடிஎஸ் சுமார் 650 பிபிஎம்மைத் (லிட்டருக்கு 650 மில்லிகிராம்) தாண்டினால் மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். தென்னை இன்னும் தாங்கும். ஒரே இறைப்பில் எண் ஏறிக்கொண்டே போனால், அந்தக் கிணற்றை அன்று நிறுத்திவிட வேண்டும்.

அளப்பவர் யார்? கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி, அதாவது வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் விடும் ஆள், வைப்பது நம் மாவட்டத்துக்குப் பழக்கமானது. அதேபோல் ஒருவரை வையுங்கள், கூலியை எல்லோரும் சேர்ந்து கொடுங்கள். பொதுச் சொத்துகளை மக்களே நிர்வகிப்பதை உலகம் முழுக்க ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் கண்டவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தும். கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருந்தார். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை ஒரு முறைத் தண்ணீர் ரத்து என்று வையுங்கள். எடுத்த எடுப்பில் ஆயிரக்கணக்கில் அபராதம் போட்டால் வசூலும் ஆகாது, உறவும் முறிந்துவிடும்.

இதைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26 சபை தை மாதத்தில் வருகிறது. மழை ஓய்ந்து கிணறு நிறைந்திருக்கும் நேரம், கோடையில் யார் என்ன பயிர் வைப்பது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

அந்த இருவரையும் கூட்டத்துக்கு முன்பே வீட்டில் போய்ப் பாருங்கள். துளை போடக் கடன்கூட வாங்கியிருக்கலாம். அகலமான, ஆழம் குறைந்த கிணறும் சின்ன மோட்டாரும் வைக்க ஊர் ஒரு பங்கு செலவை ஏற்கிறது என்று சொன்னால் இறங்கி வருவார்கள். பழைய துளையை வெறும் மணலால் மூட வேண்டாம். சிமென்ட் கலவை இட்டு அடியிலிருந்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாகவே உப்பு மேலே ஏறும்.