அந்த 4 மீட்டர் எங்கே?

கேள்வி: தீபாவளி என்றால் எங்கள் சந்தில் விடியற்காலை நாலு மணிக்கே அணுகுண்டு ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் பத்து மாதக் குழந்தை, படுத்த படுக்கையாக மாமனார். போய்ச் சொன்னால், "வருஷத்துல ஒரு நாள்தானேக்கா, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டியதில்லை.

ஒரு நாள்தானே என்றவரை உட்கார வைத்து வருஷத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பையன்கள் பிஜிலிச் சரத்தை உதிர்த்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பிக்கிறார்கள். மிச்சம் மீதி கார்த்திகை வரைக்கும் ஓடுகிறது. அப்புறம் டிசம்பர் 31 நள்ளிரவு. கிரிக்கெட்டில் ஜெயித்த இரவு. காதுகுத்து, சடங்கு, மாப்பிள்ளை அழைப்பு, கோயில் கொடை. கட்சியில் ஒருவருக்கு வட்டச் செயலாளர் பதவி கிடைத்தால் நடுரோட்டில் பத்தாயிரம் வாலா. தலைவர் ஊருக்குள் வந்தால் அதற்கும் மேல். பஸ்ஸை நிறுத்திவிட்டு வெடிக்கிறார்கள், பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. எல்லாக் கட்சிக்காரர்களையும் இதற்காக இந்தப் பக்கத்தில் கண்டித்திருக்கிறேன். எல்லாக் கட்சியிலிருந்தும் கோபக் கடிதம் வந்திருக்கிறது. வரட்டும்.

சாவுக்கும் வெடி. இதைச் சொன்னால்தான் அதிகமாகக் கோபம் வருகிறது. துக்கத்தில் இருப்பவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் வழியனுப்பும் முறையையும் மதிக்கிறேன். ஆனால் சுடுகாடு வரைக்கும் வழியெல்லாம் வெடித்துக்கொண்டே போகும்போது, அந்த வழியில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, கூரை வீடு இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. ஊர்வலத்துக்கு முன்னால் ஓடிப் போய் ரோட்டில் வெடி வைப்பவர் பெரும்பாலும் குடித்திருக்கிறார். அவருக்கே அது ஆபத்து.

சரி, உங்கள் நாலு மணிக்கு வருகிறேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் போடும் வெடி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. 2018-இல் இன்னும் இறுக்கியது. தீபாவளிக்கு மொத்தமே இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழ்நாடு அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பிரித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியலில் ஒரு வெடி போடுவது நம் பக்கத்து வழக்கம் என்பதால்தான் அந்தக் காலை நேரமே கேட்டு வாங்கப்பட்டது. அதற்கும் முன்னால் நாலு மணிக்கு வெடிப்பவருக்குப் பண்டிகையும் துணையில்லை, சட்டமும் துணையில்லை. அதே 2018 தீர்ப்பு சரவெடியையும் தடை செய்தது. கடையில் போய்ப் பாருங்கள், ஆயிரம் வாலா கண் முன்னாலேயே தொங்குகிறது.

நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு வெடி எவ்வளவு சத்தம் போடலாம் என்பதற்கு 1999-லிருந்து அளவு இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. குழந்தைகளின் காதில் உச்ச ஒலி 120-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. அப்படியானால் சட்டப்படி தேறிய வெடிகூட உங்கள் பத்து மாதக் குழந்தைக்கு எத்தனை மடங்கு அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையால் காது வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது.

அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். சுற்றிலும் 15 மீட்டருக்குச் சத்தத்தைத் திருப்பி அடிக்கிற சுவர் எதுவும் இல்லாத திறந்த வெளியில் எடுக்க வேண்டும் என்பது விதி. மதுரையில் அப்படி ஒரு தெருவைக் காட்டுங்கள். உங்கள் சந்தின் அகலமே 4 மீட்டர் தேறாது. இந்தப் பக்கம் மூன்று மாடி, அந்தப் பக்கம் மூன்று மாடி, நடுவில் வரிசையாக பைக். அங்கே வைக்கிற அணுகுண்டுச் சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. ராக்கெட் சாய்ந்தால் போவதற்கு அடுத்தவர் ஜன்னலைத் தவிர வேறு வழியில்லை. புஸ்வாணம் சில சமயம் பூக்காமல் வெடிக்கும், அப்போது விலகி ஓட இடமில்லை. தீபாவளி முடிந்து கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் கொளுத்தியவர்கள் மட்டும் இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள், சும்மா நடந்து போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டாசு திறந்தவெளிச் சாமான். திறந்தவெளியை எல்லாம் விற்றுவிட்டு, கட்டிவிட்டு, அதைச் சந்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மைதானத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், இன்னமும் எழுதுவேன். உங்கள் ஊர்த் தமுக்கம் மைதானத்திலேயே மாநாட்டு மண்டபம் எழும்பிவிட்டது. தெருமுனைப் பொட்டல்கள் மனையாகிவிட்டன. மந்தை என்று பெயர் மட்டும் இருக்கிறது, நடுவில் கடை வரிசை. பிள்ளைகள் ஓட, பெரியவர்கள் உட்கார, விழாவுக்குக் கூட ஊருக்கு ஒரு வெறும் இடம் வேண்டும். அது இல்லாமல் போனதால் வந்த சண்டைகளில் உங்கள் சந்துச் சண்டையும் ஒன்று.

"பட்டாசு நம் பண்பாடு, அதில் கை வைக்காதீர்கள்" என்று ஒரு வாசகர் எனக்கு வருஷா வருஷம் எழுதுகிறார். விளக்கு நம் பண்பாடு என்றால் ஒத்துக்கொள்கிறேன். கார்த்திகைக்கு விளக்கு வரிசை வைத்ததை அகநானூறே சொல்கிறது. வெடிமருந்து சீனாவிலிருந்து வந்தது. 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதுவும் அரசர் நடத்திய விழா, வீட்டுக்கு வீடு வைத்ததில்லை. நம் பிள்ளைகள் கையில் நெருப்பு விளையாட்டாக இருந்தது மாவளி. ஆண் பனையின் பூவைக் காயவைத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைப் பிளாச்சுக்குள் வைத்துக் கட்டிக் கயிற்றில் சுற்றுவார்கள். வட்டம் வட்டமாகப் பொறி பறக்கும், சத்தமே இருக்காது. சுற்றுகிற பையன் முதலில் தன்னைச் சுற்றி இடம் இருக்கிறதா என்று பார்ப்பான். இன்னும் சில ஊர்களில் சுற்றுகிறார்கள். பார்க்காதவர்கள் ஒரு கார்த்திகைக்குப் போய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு.

இன்னொரு கடிதம் தவறாமல் வரும்: "சிவகாசிக்காரன் வயிற்றில் அடிக்கிறீர்கள்." வெடியைத் திடலில் வைத்தால் ஒரு பெட்டி வியாபாரமும் குறையாது. சிவகாசித் தொழிலாளிக்காக உண்மையிலேயே மனம் பதறுகிறவர்கள் 2012 செப்டம்பர் 5-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களில் பலர். அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து இப்படிச் செய்தி வருகிறது. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்கிற விதிகளை முதலாளிகள் மதிக்கிறார்களா என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம் வரட்டும், முதல் பக்கத்தில் போடுகிறேன்.

சத்தமில்லாததெல்லாம் சாது என்றும் நினைத்துவிடாதீர்கள். பாம்பு மாத்திரை கிளப்புகிற நுண்தூசி சரவெடியைவிட அதிகம் என்று புணேயில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கம்பி மத்தாப்பின் நுனியில் சூடு 1000 டிகிரி செல்சியஸ். அதைத்தான் மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுக்கிறோம். சுட்டுவிட்டால் பற்பசை, மை, நெய் எதுவும் வேண்டாம். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

உங்கள் பக்கத்திலேயே சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தலைமுறை தாண்டி அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. யாரும் சட்டம் போட்டு அவர்களை அடக்கவில்லை. ஊரே கூடிப் பேசி முடிவு செய்தது. உங்கள் சந்தில் முழுக்க நிறுத்த வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

இப்போதே போய்ப் பேசுங்கள். ஐப்பசி பிறந்து, எல்லோர் வீட்டிலும் பெட்டி வந்து இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். தனியாகப் போகாதீர்கள். வயதானவர்கள், கைக்குழந்தை, நாய் இருக்கிற வீடுகள் அந்தச் சந்தில் இன்னும் நாலைந்தாவது இருக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "வெடிக்காதே" என்று ஆரம்பிக்காமல், "எங்கே வைத்து வெடிக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். பொது இடம் பார்த்து அங்கே சேர்ந்து வெடிக்கலாம் என்று 2018 தீர்ப்பே யோசனை சொல்லியிருக்கிறது. கவுன்சிலரைப் பார்த்து, ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத ஒரு மாநகராட்சித் திடலைக் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் கேளுங்கள். இரண்டு வாளித் தண்ணீர், இரண்டு வாளி மணல், பொறுப்புக்கு இரண்டு பெரியவர்கள் போதும். பையன்களே முன்னால் வருவார்கள், அவர்களுக்கும் ராக்கெட் விட வானம் வேண்டும். அப்படியும் நாலு மணிக்கு ஒருவர் சந்தில் வைத்தால் 100-க்குப் போன் செய்யுங்கள். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று தயங்க வேண்டாம்.