புயல் நடுவில் காற்று திடீரென அடங்கினால் வெளியே வரலாமா?

வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். பொதுவாக 30 முதல் 60 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த மையத்தில் காற்று தணியும், சில நேரம் வானம்கூடத் தெளியும். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து, அதே மூர்க்கத்துடன் அடிக்கும். முதல் பாதியில் ஆட்டம்கண்ட மரமும் கூரையும் அப்போது சாயும். ஓடு பறந்ததா என்று பார்க்க அந்த இடைவேளையில் வெளியே ஓடுபவர்களை நினைத்தாலே பதறுகிறது. புயல் முழுதாகக் கடந்ததென்று வானிலை மையம் அறிவிக்கும்வரை ஜன்னலை விட்டு விலகி உள்ளேயே இருங்கள். குடிநீர், மருந்து, டார்ச், பேட்டரி ரேடியோவை முந்தைய நாளே எடுத்துவையுங்கள்.

கடலோரத் தாழ்வான பகுதியென்றால் வீட்டில் காத்திருக்கவே கூடாது. 1970-ல் வங்கக் கரையைத் தாக்கிய போலா புயலில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது பெரும்பாலும் கரையேறிய கடல்நீர்தான். வெளியேறச் சொன்னதும் கிளம்பிவிடுங்கள்.