ஃபஸ் முன்னால், வா பெடல் பின்னால் வைத்துப் பாருங்கள்

கிட்டாரில் க்ரை பேபிக்கு (பாதத்தால் அழுத்தி 'வா-வா' என ஒலிக்கவைக்கும் வா பெடல்) அடுத்து ஃபஸ் ஃபேஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல்) போட்டால் 'வா' ஒலியே காணாமல் போய் கீச்சென்று கத்துகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெடல் கெடவில்லை. ஃபஸ் ஃபேஸின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) ரொம்பக் குறைவு, அது வா பெடலின் சர்க்யூட்டை அமுக்கிவிடுகிறது.

முதலில் காசு செலவில்லாத வழி: இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஃபஸ் ஏற்கெனவே ஓவர்டோன்களை (மூல ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஒலிகளை) அள்ளிக் கொடுத்திருப்பதால் பாதத்தை மெதுவாக அழுத்தும்போதே 'வா' ஒலி ஏறி இறங்கும் ஸ்வீப் பளிச்சென்று தெரியும், கிட்டத்தட்ட சின்தசைசர் மாதிரி. எனக்கு இதுதான் பிடிக்கும்.

கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போல வா முன்னால்தான் வேண்டும் என்றால், வா பெடலுக்குள்ளேயே, அது ஆனில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி ஒரு பஃபர் (அடுத்த பெடல் சிக்னலை அமுக்காமல் காக்கும் சின்ன சர்க்யூட்) பொருத்தச் சொல்லுங்கள். எப்போதும் ஆனில் இருக்கும் பஃபரை நடுவில் வைத்தால், கிட்டார் வால்யூமைக் குறைத்ததும் ஃபஸ் தெளிந்து வரும் அந்த அழகு போய்விடும்.

டிலே (எதிரொலி) பெடல் இருந்தால் அது எப்படியும் கடைசியில்தான்.