டெக்சஸ் வழக்கில் பெயர் பதிய 200 டாலரா?

கட்டாதீர்கள். கொரோனா தடுப்பூசி போட்ட பிறகு இதய வீக்கம் வந்த உங்கள் தம்பியின் பெயரை, அந்தத் தடுப்பூசி நிறுவனமான ஃபைசர் மேல் டெக்சஸ் அரசு போட்ட வழக்கில் 200 டாலர் கட்டிச் சேர்த்தால் இழப்பீடு வரும் என்று உங்களிடம் ஒரு ஏஜென்ட் சொன்னது சுத்தப் பொய்.

2023 நவம்பரில் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டன் போட்ட வழக்கு அது. நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின் கீழ் அபராதம் கேட்டார், அபராதம் போனால் அரசுக்குத்தான் போகும். அவருடைய முக்கிய வாதம் தடுப்பூசிக்கு 95% திறன் என்று ஃபைசர் சொன்ன எண்ணைப் பற்றியது. சோதனையில் தடுப்பூசி போட்ட சுமார் 18,000 பேரில் 8 பேருக்கும், போடாத கிட்டத்தட்ட அதே அளவு பேரில் 162 பேருக்கும் கொரோனா வந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் 95%, ஆனால் மொத்த ஆட்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஒருவருக்குக் குறைந்த ஆபத்து 0.85% மட்டும்தான், அதை மறைத்து விற்றார்கள் என்றார். (இரண்டு கணக்குமே சரிதான். தடுப்பூசியின் திறனை எப்போதும் முதல் வகையில்தான் சொல்வார்கள், அதனால் எனக்கு இந்த வாதம் பலவீனமாகத்தான் பட்டது.)

2024 டிசம்பர் கடைசியில் டெக்சஸின் லபக் நகரில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. பெருந்தொற்றுக் கால மருந்துகளைத் தயாரிப்பவர்களுக்கு வழக்குகளிலிருந்து அமெரிக்காவின் பிரெப் சட்டம் தரும் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம், தம்பிக்கு வந்த இதய வீக்கத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் சிஐசிபி (இத்தகைய மருந்து, தடுப்பூசிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும்) திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. ஆனால் ஊசி போட்ட நாளிலிருந்து 1 வருஷம்தான் கெடு. எந்தத் தேதியில் போட்டார்?