சிமெண்ட் விலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பெண்ணை ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளுகிறீர்கள்?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறார்கள், கணக்கு வழக்கு இவர் பொறுப்பு. மகள் பிளஸ் டூ, கணிதக் குழு, நல்ல மார்க் வரும் பிள்ளை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் சித்தப்பா, "மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடுங்க, அண்ணி" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். அதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று பேச்சு. பெண்ணோ கடையில் உட்கார்ந்துகொண்டு, "எல்லா கம்பெனியும் ஒரே நாள்ல எப்படிம்மா மூட்டைக்கு ரேட் ஏத்துறாங்க? பேசி வச்சுக்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எகனாமிக்ஸ் படிக்க ஆசை. "பி.ஏ. படிச்சா யார் வேலை தருவாங்க, பயமா இருக்கு" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

பெற்றவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும் என்று ஆறுதலாக நாலு வரி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அடமானம் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அம்மா, வேண்டாம். மாதத் தவணை கட்டப் போவது சித்தப்பா இல்லை, உங்கள் கடை. அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் 'டொனேஷன்' வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். ரசீது தராமல் கேட்கும் பணத்துக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு விருப்பமே இல்லாத படிப்புக்கு அதைச் செய்வது இன்னும் மோசம்.

சரி, உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். அதே கேள்வியைக் கட்டுமான நிறுவனங்களின் சங்கம் ஒன்று 2010-இல் டெல்லியில் உள்ள, வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகாராகக் கொடுத்தது. போட்டிச் சட்டம் 2002-இல் வந்தது. கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பதையும், பெரிய கம்பெனி தன் பலத்தை வைத்து மற்றவர்களை நசுக்குவதையும் விசாரிக்கும் அதிகாரம் 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிமெண்ட் புகாரில் 2012-இல் 11 கம்பெனிகளுக்கு மொத்தம் 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிகளும் அதில் உண்டு.

ஒரே நாளில் விலை ஏறியது என்பதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. நிலக்கரி விலை, டீசல் விலை ஏறினால் எல்லோருக்கும்தான் செலவு கூடும். நாலைந்து பெரிய கம்பெனிகள் இருக்கும் தொழிலில் ஒருவர் ஏற்றியதைப் பார்த்து இன்னொருவர் ஏற்றுவதும் நடக்கும், அது குற்றமில்லை. பேசி வைத்து ஏற்றினார்களா, பார்த்து ஏற்றினார்களா என்று பிரித்துக் காட்டுவதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. ஆலைகளின் உற்பத்தித் திறன் எவ்வளவு, உண்மையில் எவ்வளவு உற்பத்தி செய்தார்கள், வாங்க ஆள் இருந்தும் உற்பத்தி ஏன் ஏறவில்லை, கம்பெனிகளின் சங்கக் கூட்டம் நடந்த பிறகு விலை எப்படி நகர்ந்தது என்று ஆணையம் பார்த்தது. இதெல்லாம் வக்கீல் வேலை மட்டுமில்லை. பொருளாதாரமும் புள்ளியியலும் தெரிந்த ஆள் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சிமெண்டுக்குச் சந்தை எது, இந்தியா முழுக்கவா, தென் மாநிலங்களா, ஒரு மாவட்டமா? உங்கள் வீட்டுக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். அரியலூரிலிருந்து ஒரு லோடு வருவதற்கும் ஆந்திராவிலிருந்து வருவதற்கும் லாரி வாடகையில் என்ன வித்தியாசம், மூட்டைக்கு எத்தனை ரூபாய் ஏறினால் அவர் பிராண்டை மாற்றுவார், குடோனில் எத்தனை நாள் வைக்கலாம் என்று மடமடவென்று சொல்வார். பக்கத்து ஊர்ச் சரக்கு ஐந்து, பத்து சதவீதம் விலை ஏறினால் வாங்குபவர் தூரத்துச் சரக்குக்குத் தாவுவாரா என்று பார்த்துத்தான் சந்தையின் எல்லையைப் போடுகிறார்கள். பட்டப்படிப்பில் மாணவர்கள் திணறும் இந்தப் பாடத்தை உங்கள் பெண் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி கற்றுவிட்டாள்.

அந்த சிமெண்ட் வழக்கு 2012 அபராதத்தோடு முடியவும் இல்லை. வாதங்களைக் கேட்காத ஒருவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவையே ரத்து செய்தது. ஆணையம் மறுபடி விசாரித்து 2016-இல் கிட்டத்தட்ட 6,700 கோடி அபராதம் போட்டது. 2018-இல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ய, கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. இந்தத் துறையில் வேலைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டுமா!

சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பவர்கள் கூகுளின் ஆப்களைத் தொகுப்பாகப் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக 2022 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும் இதே ஆணையம்தான். பெரிய கம்பெனிகள் இணைவதற்கும் இதன் அனுமதி வேண்டும். 2,000 கோடிக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் என்றால், வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் சொல்லும்படி வியாபாரம் இருந்தால், அதன் வரவு செலவு சிறியதாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்று 2024 செப்டம்பரிலிருந்து விதி வந்துவிட்டது. ஒவ்வொரு இணைப்புக்கும் சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட ஆள் தேவை.

படிப்புக்கு வருகிறேன். மூன்று வருட பி.ஏ. பொருளாதாரம், ஒரு அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ. சென்னையில் மாநிலக் கல்லூரி, ராணி மேரி என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன, மதுரையிலும் உண்டு. கட்டணம் உங்கள் கடையின் ஒரு லோடு சிமெண்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கணிதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது, இதில் நான் கறாராக இருப்பேன். முதுகலையில் புள்ளியியலும், அதை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கும் எகனாமெட்ரிக்ஸும் வந்து மோதும்போது கணிதக் குழு படித்தவர்கள்தான் தாக்குப் பிடிக்கிறார்கள். அப்புறம் எம்.ஏ.வுக்கு சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இல்லையென்றால் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். ஆணையத்தின் அதிகாரிகளில் சட்டம், பொருளாதாரம், நிதிப் பகுப்பாய்வு என்று மூன்று பிரிவினர் இருக்கிறார்கள். ஆணையத்தில் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பும் உண்டு. சென்னையில் மண்டல அலுவலகமும் இருக்கிறது.

"அப்போ வக்கீலுக்கே படிக்கட்டுமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் சட்டக் கல்லூரி என்றால் அதற்கும் என் பதில் அடமானத்துக்குச் சொன்னதுதான். பெண்ணுக்கே பிறகு ஆசை வந்தால், பி.ஏ. முடித்ததும் அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது. இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆணையத்தில் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் வருடா வருடம் வராது. பெரிய சட்ட நிறுவனங்கள், பொருளாதார ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் டெல்லியிலும் மும்பையிலும்தான், பெண்ணை அங்கே அனுப்ப மனம் வேண்டும். நீளமான அறிக்கைகளை ஆங்கிலத்தில் பிசிறில்லாமல் எழுத வராவிட்டால் இந்தத் துறையில் காலூன்ற முடியாது. படித்து முடித்த முதல் வருடமே சித்தப்பா சம்பளம் வராது. ஆனால் எம்.ஏ. கையில் இருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு, ரிசர்வ் வங்கி, வங்கிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகள், மின்சாரம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையங்கள் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். பி.ஏ.வோடு நிறுத்தினால் உங்கள் பயம் நியாயம்தான், அதனால் ஐந்து வருடம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வருவதற்குள் ஒரு வேலை. ஆணையத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2016 சிமெண்ட் உத்தரவை எடுத்து மகளிடம் கொடுங்கள். புரியாத இடம் நிறைய இருக்கும், பரவாயில்லை. அதில் கம்பெனிகள் தங்கள் தரப்பில் சொன்ன வாதங்களில் எது அவளுக்கு நியாயமாகப் படுகிறது, எது கதை விடுவதாகப் படுகிறது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பத்து நாளில் ஆர்வமாக எழுதிக் கொடுத்தால் பொருளாதாரத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். இருபது பக்கத்தில் அலுத்து மூடிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். இரண்டில் எது நடந்தாலும் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.