கொருக்குப்பேட்டை அம்மாவும் சிங்கப்பூர் அடுக்குமாடியும்

அன்புள்ள தம்பிக்கு,

கொருக்குப்பேட்டையில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ளலாமா, நீங்கள் வேலைக்குப் போன பிறகு அடுக்குமாடி வீட்டுக்குள் அவர் அடைபட்டு ஏங்கிப்போய்விட மாட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் காசிமேட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவன். என் அம்மா வயதான காலத்தில்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். ஆகவே கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

நம் வடசென்னையில் வயதானவர்களைத் தாங்கிப் பிடிப்பது தெருதான். வீடு ஒற்றை அறையாக இருந்தாலும், வாசற்படி, குழாயடி, ரேஷன் கடை வரிசை, கோயில் மண்டபம், கேரம் கிளப் வாசலில் கிடக்கும் பெஞ்சு என்று அவர்கள் உட்கார்ந்து பேச ஊரெல்லாம் இடமுண்டு. ஒரு நாள் காலையில் ஆயா வெளியே வரவில்லையென்றால் எதிர்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டிவிடுவாள். அதே ஆயாவை மின்தூக்கி இல்லாத பழைய வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் குடிவைத்தால், முழங்கால் வலி தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தெரு அவருக்கு இல்லாமற்போகிறது. இந்த வேதனையை என் உறவினர் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் குடியிருப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். 1970களிலிருந்து கட்டிய பெரும்பாலான புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், தரைத்தளத்தில் வீடு வைக்காமல் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் சீனர் வீட்டுத் துக்கமும் அங்கேயே நடக்கும். மற்ற நாள்களில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளைச் சுற்றிப் பெரியவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மாவின் தனிமையை முதலில் போக்கியது எங்கள் புளோக்கை ஒட்டிய, மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பு மங்கியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். ஒரு சொல்கூடப் பொதுமொழி இல்லாத அந்தச் சீன மீன்காரர், சில வாரங்களில் நல்ல மீனைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார். தன் கைத்திறனை இன்னொருவர் மதிக்கிறார் என்பதே அம்மாவுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

இந்த ஏற்பாட்டை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்ததுதான் உட்லண்ட்ஸ் பக்கம் 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டி: மூத்தோருக்கென்று 104 வீடுகள், கீழே பொதுக்கூடல் வெளி, அதன்மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், மாடியில் தோட்டம். மருந்து வாங்க வந்தவர் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இனி எழும் ஒவ்வொரு வாரியக் கட்டடத்துக்கும் இப்படி ஒரு கீழ்த்தளம் வாய்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆனால் பணக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் வகை வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைத்துவர மாத ஊதியம் குறைந்தது 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். அரசின் மருத்துவ மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இலவசமாக வாங்கும் மாத்திரைக்குக்கூட இங்கே உங்கள் அம்மா முழுக் கட்டணம் கட்ட நேரும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், காப்பீட்டில் அதற்கு விலக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூத்தோருக்கான நடவடிக்கை நிலையங்களில் பேச்சு பெரும்பாலும் சீனத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும் என்பதால், தமிழர் கூடும் கோயிலுக்கோ, லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கோ ஒரே பேருந்தில் போக முடிவதும் முக்கியம்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது மின்தூக்கி உங்கள் மாடியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பழைய புளோக்குகளில் அது சில மாடிகளில் மட்டுமே நின்றது, பின்னர் பெரும்பாலானவற்றைத் திருத்தினார்கள். சாலையைக் கடக்காமலே சந்தைக்கும் உணவங்காடிக்கும் போக முடிகிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். அந்த வசதி இருந்தால், அறை சிறியதாக இருந்தாலும் அந்த வீட்டையே எடுங்கள்.

முதலில் குறுகிய கால வருகையாக அம்மாவை வரவழைத்து, அவரே தனியாகக் கீழே இறங்கிப் போகிறாரா என்று கவனியுங்கள். ஊரிலேயே இருக்கிறேன் என்று அவர் சொன்னால் வற்புறுத்த வேண்டாம். மாடியில் குடியிருக்கிறார் என்றால், விமானச் சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் அதே தெருவில் தரைத்தள வீடொன்றைப் பிடித்து, கழிப்பறையில் கைப்பிடி பொருத்திக் கொடுங்கள்.